வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்த இடம் வாங்கப் போகிறவன் அதில் வலது கால் எடுத்து வைக்க வேண்டும் என்பார்கள். நானும் வலது காலைத்தான் வைத்தேன். என்ன, கொஞ்சம் மேலே வைத்துவிட்டேன். கூரை மேல்!

கீழே நின்றிருந்த தரகர் நிமிர்ந்து பார்த்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பொத்துக்கொண்டு ஒரு பேன்ட்டு போட்ட கால் மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்ததாம். "சார், செருப்பு விழுந்துடுச்சு" என்றார் பதறாமல். நாற்பது வருஷமாக இடம் காட்டுகிற மனிதர். எவ்வளவோ பார்த்திருப்பார்.

விஷயம் இதுதான். எனக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் திருத்தணி பஸ் கிளம்பிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்த பகுதி. அதனால் இன்றைக்கும் எங்கள் ஊரில் கோபம் தமிழிலும் பேரம் தெலுங்கிலும் நடக்கும். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அப்பா கூலி நெசவு. நான் நெசவுக்குப் போகாமல் பி.காம். படித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஊருக்கும் ஆபீசுக்கும் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் கும்மிடிப்பூண்டியில் ரூம், சனி ஞாயிறு ஊர். ரயில், இன்னொரு ரயில், அப்புறம் பஸ். திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏற வேண்டும். நான் என் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வருஷம் முழுக்க அதைவிட அதிகமான படி ஏறி இறங்குகிறேன்.

வாடகை வீட்டுக்காரர் 'பையனுக்குக் கல்யாணம்' என்று ஜாடை காட்ட ஆரம்பித்தார். எனவே இடம் தேடினேன். ஐந்து சென்ட். முன்பக்கம் காலி மனை, பின்பக்கம் ஒரு பழைய தறிக்கொட்டாய். நாற்பதடி நீளம். இரண்டு பக்கமும் சரிவாகப் பத்தடி சிமென்ட் ஷீட், பக்கத்துக்குப் பதின்மூன்று, ஆக இருபத்தாறு. வாங்குவது, கொட்டாயை இடித்துத் தரைமட்டமாக்குவது, மனை நடுவில் வாஸ்துப்படி வீடு கட்டுவது. இதுதான் திட்டம்.

ஆபீஸ்காரன் புத்தி, எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். சுத்தம்! கூரையை மட்டும் ஏன் விடுவானேன் என்று ஏணி போட்டு ஏறினேன். அப்புறம் நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேன்.

தொடையில் நல்ல சிராய்ப்பு. சட்டை முழுக்கச் சாம்பல் நிறத் தூள். வீட்டுக்குப் போனதும் நாலு வயது மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். மனைவி சட்டையை வாங்கி, வாசலில் நின்று நாலு உதறு உதறி, ஊறப் போட்டாள். அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் பாசமான காட்சியாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் நொண்டிக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனி சேஃப்டி ஆபீசர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஹெல்மெட் போடாமல் டீ குடித்தால்கூட மெமோ தருவார் என்று கேன்டீனில் பேச்சு. "என்ன காயம்?" என்றார். நான் வீரதீரப் பிரதாபத்தை விவரித்தேன். அவர் காயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உடைஞ்ச ஓரத்துல நூல் நூலா நீட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா சார். தேங்காய் நார் மாதிரி, ஆனா ரொம்ப மெல்லிசு."

"சட்டையை என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அவர் உட்கார்ந்து பேசி அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கிரேக்க மொழியில் 'அணைக்க முடியாதது' என்று அர்த்தமாம். பெயரிலேயே ஒரு பெருமை! தமிழில் பெயர் வைத்த புண்ணியவான் விஷயத்தை அப்படியே போட்டு உடைத்திருக்கிறான்: கல்நார். பூமியில் வெட்டி எடுக்கிற கல்தான். ஆனால் பிரித்தால் நார் நாராக வரும். எரியாது, மக்காது, துருப்பிடிக்காது. 1901-ல் ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்ஷெக் என்பவர் அந்த நாரைச் சிமென்ட்டோடு சேர்த்து மெல்லிய தகடாக்குகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உலகத்துக்கே மலிவான கூரை கிடைத்தது. ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு நார், மிச்சம் பெரும்பாலும் சிமென்ட்.

நான் கால்குலேட்டர் இல்லாமலே கணக்குப் போட்டேன். பத்தடி ஷீட் ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல். இருபத்தாறு ஷீட் ஒரு டன் தாண்டும். ஆக, என் வருங்கால வீட்டு மனையில் நூறு கிலோ கல்நார்!

"சிமென்ட்டுக்குள்ள கட்டுப்பட்டு இருக்கிற வரைக்கும் அது சும்மா இருக்கும். உடைச்சா, அறுத்தா, துளை போட்டா, துடைப்பத்தால பெருக்கினா வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. காத்துல மணிக்கணக்குல மிதக்கும். நுரையீரலுக்குள்ள போனா வெளியே வராது. உடம்பாலயும் கரைக்க முடியாது. அதுவும்தான் அணையாததாச்சே!"

அது ஜோக் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அவருடைய முதல் ஜோக்.

நுரையீரல் மெல்ல மெல்லத் தடித்து இறுகுவதற்குப் பெயர் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரும். நெஞ்சுக்குள் நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் மீசோதீலியோமா என்று ஒரு புற்றுநோய், அதற்குக் கல்நார்தான் முக்கியக் காரணம். இதெல்லாம் நாளைக்கே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். (மாலை டீக்கடையில் நம் கோஷ்டியிடம் இதைச் சொன்னேன். இரண்டு பேர் முறைத்தார்கள். ஒருவர் பற்ற வைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு!)

'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் பறப்பாரே, ஸ்டீவ் மெக்வீன், அவர் 1980-ல் ஐம்பது வயதில் போனது இந்த மீசோதீலியோமாவால்தான். இளவயதில் அமெரிக்க மரைன் படை வீரராக இருந்தபோது கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த கல்நாரை உரிக்கிற வேலை செய்திருக்கிறார். அவர் காலத்து ரேஸ் கார் ஓட்டுநர்களின் உடையிலும் அதே நார்.

சேஃப்டி ஆபீசர் சொன்ன இன்னொரு பெயர்தான் எனக்கு மனசில் தைத்தது. நெல்லி கெர்ஷா. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் கல்நாரை நூலாக நூற்கிற மில்லில் வேலை பார்த்த பெண். 1924-ல் இறந்தபோது வயது 33. அவருடைய நுரையீரலைப் பரிசோதித்து குக் என்ற டாக்டர் அதே வருஷம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நூற்பு வேலை செய்தவர் என்றதும், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு யாரோ அத்தை முறை மாதிரி தோன்றியது.

"பயப்படாதீங்க. ஒரு நாள், ஒரு ஷீட், அதனால ஒண்ணும் ஆயிடாது. எவ்வளவு, எத்தனை நாள்ங்கறதுதான் கணக்கு. ஆனா துணியை இனிமே உதறாதீங்க. வேலைக்குப் போனவன் துணியைத் துவைச்சுத் துவைச்சே நோய் வந்த பெண்டாட்டிங்க உலகத்துல நிறையப் பேர்" என்று முடித்தார். அன்று இரவு மனைவிக்கு போன் செய்து அந்தச் சட்டை எங்கே என்று கேட்டேன். "துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், ஏன், அதுதான் ராசியான சட்டையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். கல்லை நூலாக நூற்ற கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கல்லுல நூலா? சாயம் ஏறுமா?"

அடுத்த கேள்விதான் சங்கடமானது. "ஏண்டா, அந்த மாதிரி ஷீட்டுக்கு அடியிலதான் நாப்பது வருஷம் நெய்தேன். சித்திரை மாசத்துல தலையில இட்லி ஊத்தினா வெந்துடும். அந்த வெக்கைதான் நோய். எனக்கு என்ன ஆச்சு இப்போ?"

எழுபத்திரண்டு வயதில் படியேறி மொட்டை மாடியில் வடகம் காய வைக்கிறவரிடம் என்ன சொல்வது? யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. சும்மா இருக்கிற ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்தவர்களைவிட, அதைத் தோண்டியவர்கள், நூற்றவர்கள், சுற்றியவர்கள், உடைத்தவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள். நான் செய்யப் போவது கடைசி வேலை. அதுவும் நானா செய்யப் போகிறேன்? மேஸ்திரி.

மேஸ்திரியின் எஸ்டிமேட் ரத்தினச் சுருக்கம். "ரெண்டு பையனுங்களை மேல ஏத்தி சம்மட்டியால நாலு போடு போட்டா அரை நாள்ல தரைமட்டம் சார். கூலிகூட வேணாம். நல்ல ஷீட்டை நான் எடுத்துக்கறேன். உடைஞ்சதை அப்படியே பேஸ்மட்டத்துல போட்டு மண்ணைத் தள்ளிடலாம்."

இலவசம்! ஹவுசிங் லோனுக்கு அலைகிறவன் காதில் இந்த வார்த்தை எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் சபலப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிஷம் என்பதும் பொய், ஒரு ராத்திரி.

இடத்துக்காரரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். "கூரை ஆபத்தான பொருள், அகற்றச் செலவாகும், விலையைக் குறையுங்கள்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, இருபத்தாறு ஷீட்டையும் கழட்டி வித்தா என்ன பணம் தெரியுமா? அதை நான் கணக்குல சேர்க்காம விட்டதே உனக்காகத்தான்" என்றார். குறைக்கப் போனவன், ஏற்றாமல் விட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தரகர் வழியில், "பேரம் பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டன் 1999-லும், ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும், ஐரோப்பிய யூனியன் 2005-லும் கல்நாரைத் தடை செய்தன. வெள்ளைக் கல்நாருக்கு அமெரிக்கா 2024-ல்தான் தடை போட்டது. இங்கே இன்னும் ரஷ்யா மாதிரி நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறோம். மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் அடுக்கி வைத்திருக்கிறது. பக்கத்து அரக்கோணத்திலேயே 1960-களில் இருந்து ஷீட் ஆலை உண்டு. எங்கள் பக்கத்தில் ஓலைக் குடிசை எரிந்து போனவன் முதலில் வாங்குவது இதைத்தான். அவனிடம் போய் ஸ்டீவ் மெக்வீன் கதை சொன்னால் அடிக்க வருவான்.

1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நிலைப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது நாற்பது வருஷம், அல்லது ஓய்வு பெற்றபின் பதினைந்து வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று. அக்கவுன்ட்ஸ்காரனுக்கு அந்த 'நாற்பது' உறைத்தது. வருமான வரிக் கணக்கையே நாங்கள் எட்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டோம். சரி, சம்மட்டி போடப் போகிற அந்த இரண்டு பையன்களுக்கு எவன் பதிவேடு வைத்திருக்கிறான்? அவர்கள் பெயர்கூட மேஸ்திரிக்குத்தான் தெரியும்.

அடுத்து, உடைந்ததை எங்கே போடுவது? இங்கேதான் கதை எனக்கே சிரிப்பு மூட்டியது. தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கிற நிலம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்! நான் தினமும் டீ குடிக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். ஓடிப்போய் சேஃப்டி ஆபீசரிடம் கேட்டேன். "கம்பெனி பெயரில் உங்கள் வீட்டுக் குப்பையை அனுப்ப முடியாது. எல்லாத்துக்கும் அனுமதி, எடை, ரசீது உண்டு. நாளைக்கு ஆடிட்டுல நீங்கதானே கேள்வி கேப்பீங்க?" என்றார். நியாயம். நானே கேட்பேன்.

வேறொரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், நாளைக்கு அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரலை மேலே காட்டினார். நிமிர்ந்தேன். அவர் தலைக்கு மேலேயே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்! "ரிட்டயர் ஆக ஆறு வருஷம் இருக்கு சார், நான் எங்கே போய்ப் போடறது?" என்றார்.

2006-ல் கிளமான்ஸோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை உடைப்பதற்காக குஜராத்தின் அலங் துறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருந்த கல்நாரால் பெரிய ரகளையாகி, கப்பல் பாதி வழியிலேயே பிரான்சுக்குத் திரும்பிப் போனது. அவ்வளவு பெரிய கப்பலுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. என் ஷீட்டுக்குத்தான் இல்லை.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "தம்பி, இடிக்கறேன்னு கேள்விப்பட்டேன். ஒரு எட்டு ஷீட் குடுத்தீன்னா ஆட்டுக் கொட்டாய்க்குப் போட்டுக்குவேன். மழையில குட்டிங்க செத்துப்போகுது." நல்லது சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்து, அந்த அம்மாளிடம் புற்றுநோய், நாற்பது வருஷம் என்றெல்லாம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு இப்பவே அறுபத்தஞ்சுப்பா. ஆட்டுக்கு நாப்பது வருஷமா ஆயுசு?" என்றார். குடுக்க மனசில்லாதவன் சாக்கு சொல்கிறான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கழற்றும்போது உடையும், அறுத்துச் சின்னதாக்குவார்கள், அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கின்றன என்பதுதான் என் பயம். பிறகு தகர ஷீட் நாலு வாங்கித் தந்தேன். அதற்கு அப்புறமும் சந்தேகம் தீரவில்லை.

கடைசியில் தீர்ப்பு சொன்னது அப்பாதான். "எதுக்குடா இடிக்கறே? முன்னால காலியாத்தானே கிடக்கு, அங்க கட்டு. கொட்டாய் பாட்டுக்கு இருக்கட்டும்." வாஸ்து பார்த்த பிளானைக் கிழித்துப் போட்டேன். இருபத்தாறு ஷீட்டில் விரிசல் விட்டது நாலு. ஐந்தாவது அடியேன் கால் உபயம். அந்த ஐந்தை மட்டும் எடுத்துவிட்டுத் தகரம் போடுவது, மீதி இருபத்தொன்றையும் தொடாமல், தேய்க்காமல், தண்ணீர் தெளித்து மேலே வெள்ளை பெயின்ட் அடித்து அப்படியே விடுவது என்று முடிவாயிற்று.

வேலை நாள். பக்கத்து வீட்டு ஜன்னலை அடைக்கச் சொன்னேன். மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். ஃபில்டர் வைத்த மாஸ்க் மூன்று வாங்கினேன். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் இதற்கு உதவாது. மேஸ்திரி மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்திரனுக்கா சார் போறோம்?" என்று பீடியைப் பற்ற வைத்தார்.

நான் சேஃப்டி ஆபீசர் சொன்னதை ஒப்பித்தேன். நார், நுரையீரல், இறுகிப்போவது. பாதியில் அவர் பீடியைக் கீழே போட்டார்.

"எங்க அண்ணன் வடக்கே ஒரு ஃபேக்டரில இருந்தான் சார். பாய்லர் பைப்புக்கு வெள்ளைக் கயிறு சுத்தற வேலை. பஞ்சு மாதிரி பறக்கும்னு சொல்வான். ஊருக்கு வந்தப்புறம் மூச்சு வாங்கும். நாலு படி ஏற மாட்டான். டிபின்னு ஒன்றரை வருஷம் மாத்திரை குடுத்தாங்க, கேக்கலை. போய்ச் சேர்ந்துட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "அது இதுதானா சார்?" என்றார்.

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குத் தெரியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பையன்களைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். ஷீட் மேல் கால் வைக்காமல் பலகை போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு, துருப்பிடித்த ஜே போல்ட்டுகளைக் கட்டரால் வெட்டி, ஐந்து ஷீட்டையும் கயிறு கட்டி இறக்கினார். சம்மட்டி தூக்கவில்லை. அரை நாள் வேலை ஒன்றரை நாள் ஆயிற்று. ஒன்றரை நாளுக்கும் கூலி கொடுத்தேன். விழுந்து கிடந்த துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் சேர்த்து, தடிமனான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டினோம். என் 'ராசியான சட்டை'யும் அதற்குள்தான்.

முன்பக்கம் வீடு இப்போது லின்டல் மட்டத்தில் நிற்கிறது. கொட்டாயில் அப்பா ஒரு பழைய தறியை வாங்கிப் போட்டு, காலையில் இரண்டு மணி நேரம் தட்டுகிறார். வெள்ளை பெயின்ட் அடித்ததில் வெக்கை கொஞ்சம் குறைவு என்கிறார்.

மூட்டை மட்டும் கொல்லையில், செங்கல் மேடை மேல், தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. அப்பா சிவப்பு பெயின்ட்டில் 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த அலுவலகத்துக்குப் போய், எடுத்துக்கொள்ள வழி வந்ததா என்று கேட்கிறேன். மேசைக்குப் பின்னால் இருப்பவர் இப்போதெல்லாம் நான் வாய் திறக்கும் முன்பே டீ சொல்லிவிடுகிறார்.

போன வாரம் தரகர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார். "ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது சார். அஸ்திவாரம் தோண்டறப்போ ஏதோ ஐம்பொன் சிலை கிடைச்சுதாமே... பார்ட்டி ஏதாவது பார்க்கட்டுமா?"